வால் பக்கத்து இரண்டு இருக்கைகள்

சத்தியபாய் எங்கே போனாலும் உடனே உட்காரமாட்டார். வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வராந்தா, குலசேகரம் பேருந்து நிலையத்தில் வந்து நிற்கும் பேருந்து, எல்லாவற்றுக்கும் அதே பார்வைதான். வழி எங்கே இருக்கிறது, யார் யார் எழுந்தால் நாம் வெளியே வரலாம், கதவுக்கு எத்தனை எட்டு என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். பிறகு ஓரத்து இடமாகப் பார்த்து உட்காருவார். உட்கார்ந்துவிட்டால் யார் சொன்னாலும் உள்ளே நகரமாட்டார்.

திற்பரப்புப் பக்கத்தில் அவருடைய சபை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே இதனால் ஒரு சின்ன இழுபறி நடக்கும். பெண்கள் பக்கம் ஏழாவது பெஞ்சின் ஓரம் அவருடையது. பிந்தி வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவர் எழுந்து நிற்கவும் மாட்டார், தள்ளி உட்காரவும் மாட்டார். முழங்கால் இரண்டையும் சேர்த்து, கதவைத் திறந்துவிடுவதுபோல ஒரு பக்கமாகத் திருப்பிக் கொடுப்பார்.

"உள்ள தள்ளி இரியேன் மைனி. அஞ்சு பேருக்க எடம் கிடக்கு," என்பாள் பக்கத்து வீட்டு குளோரி.

"நீ போ மக்கா. எனக்கு இஞ்ச கொள்ளாம்." கொள்ளாம் என்றால் அந்தப் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"காணிக்கப் பை வருமுன்ன எழும்பி ஓடதுக்காக்கும்."

"ஓடதுன்னா ஒன்னையும் விளிச்சிட்டுதான் ஓடுவேன்."

வெளிநாடு போய் வந்த பவுசு என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. இந்தப் பழக்கம் விமானம் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அவரிடம் வந்துவிட்டது. வந்த இடம் அண்டியாபீஸ்.

முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் அண்டியாபீஸ் என்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட சத்தியபாய் பதினாறு வயதில் அங்கே பருப்பின் தொலி உரிக்கப் போனார். இருபத்திரண்டு வருடம் போனார். நீளமான ஒரு கூடம், தரையில் வரிசை வரிசையாகப் பெண்கள், மடியில் முறம். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம் என்று புதிதாக வருகிறவள் எல்லாம் சுவர்ப்பக்கம் ஓடுவாள். ஒரு வாரத்தில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிடும். சுவர்ப்பக்கம் இருப்பவள் வெளியே போக வேண்டுமானால் ஆறு பேர் முறத்தைத் தூக்கி வழிவிட வேண்டும். ஆறு தலை நிமிர்ந்தால் மேஸ்திரியின் தலையும் நிமிரும். "என்னவாக்கும்?" என்று அவர் நாற்காலியில் இருந்தபடியே கேட்பார். எழுபது பேர் நடுவில் அதற்கு என்ன பதில் சொல்ல?

ஆகவே பெண்கள் பதில் சொல்ல வேண்டாத வழியைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளம் குடிப்பதைக் குறைத்தார்கள். காலையில் வீட்டில் குடித்ததோடு சரி, பிறகு மத்தியானம் கஞ்சியோடு ஒரு டம்ளர். சத்தியபாய்க்குப் பக்கத்தில் இருந்தவள் முப்பது வயதில் கல்லடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்து துடித்தாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே சத்தியபாய் முறத்தை எடுத்துக்கொண்டு வழியோரத்துக்கு மாறினார். அங்கே புழுதி வரும், கொட்டை வறுக்கிற புகை கண்ணைக் கரிக்கும். வரட்டும் என்றார்.

இவ்வளவு தெரிந்தவர் முதல் விமானப் பயணத்தில் ஏமாந்துபோனார். எட்டு வருடத்துக்கு முன்பு அது. மகள் பெமிலா நர்சிங் படித்து, சவூதியில் நான்கு வருடம் இருந்து, கனடா போய் டொராண்டோவில் குடியேறியிருந்தாள். முதல் பிரசவத்துக்கு அம்மா வர வேண்டும் என்று டிக்கெட் அனுப்பினாள். திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் இறங்கி, அங்கே பெரிய விமானத்துக்கு மாற வேண்டும். அம்மா மேகமெல்லாம் பார்க்கட்டும் என்று பெமிலா ஆசையாக ஜன்னலோரம் வாங்கியிருந்தாள்.

துபாயிலிருந்து பதினான்கு மணி நேரம். சத்தியபாய் ஒரு மணி நேரம் மேகம் பார்த்தார். பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள், ஆளுக்கொரு பத்தாயம் அளவு. சாப்பிட்டதும் இருவரும் போர்வையை இழுத்து மூடி உறங்கிவிட்டார்கள். அவர்களை எப்படி எழுப்புவது? தோளைத் தட்டலாமா? அந்நிய ஆண்பிள்ளையின் தோளை அவர் ஜென்மத்தில் தட்டியதில்லை. இரண்டு முறை இருமிப் பார்த்தார். இருமலைக் கேட்டுப் பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். ஐயோ வேண்டாம் என்று கையை அசைத்தார்.

டொராண்டோவில் இறங்கும்போது கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாஸ்போர்ட் வரிசையில் நின்றார். அந்தக் கதையை அவர் இப்படித்தான் முடிப்பார்: "அங்க இருந்த ஆப்பீசரு எனக்க கையில இருந்த செருப்பப் பாத்தான், எனக்க காலப் பாத்தான். ஒண்ணும் கேக்காம ஒரு நாக்காலி கொண்டாரச் சொன்னான். அவனும் ஒரு தள்ள பெத்த பிள்ளதான."

பேத்தியைக் குளிப்பாட்டித் தூங்கவைத்த நேரம்போக மீதி நேரத்தில், மகளின் லேப்டாப்பில் விமானத்தின் உட்புறப் படத்தைப் பார்த்தார். சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் இரண்டு வழி. அதைப் படிக்க அவருக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. அண்டியாபீஸ் கூடம் அப்படியே இருந்தது. சுவர்ப்பக்கம் எது, வழியோரம் எது, மேஸ்திரி எங்கே இருப்பார், கக்கூஸ் எங்கே என்று விரலை வைத்துக் காட்டினார். பெமிலா சிரித்தாள். திரும்பி வரும்போது அம்மா சொன்ன இடத்தையே எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சத்தியபாய் இன்னும் நான்கு முறை கனடா போய் வந்தார். ஒரு முறையும் ஜன்னல் பக்கம் போகவில்லை.

இப்போது அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கடல் தாண்டித்தான் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசித்து முடித்ததும் சபைச் செயலர் ஜஸ்டஸ் இன்னொரு தாளை எடுப்பார். "வருகிற பதினெட்டாம் தேதி டொராண்டோ செல்லும் நமது சபை அம்மா ஒருவருக்குக் கூட்டு தேவைப்படுகிறது. அந்த வழியில் செல்பவர்கள் தெரிவிக்கவும்." கூட்டு என்றால் வழித்துணை. துணைக்கு ஆள் கிடைக்கிறதோ இல்லையோ, ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா நேராகச் சத்தியபாயிடம் வந்து நிற்பார். எந்த இருக்கையைக் கேட்க வேண்டும் என்பதற்கு அவரைவிட்டால் ஆள் கிடையாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதாசன் மனைவியோடு வந்தபோது சத்தியபாய் வீட்டு முற்றத்தில் நடந்த பேச்சு இது.

"சார் எதுக்காக்கும் முன்னால சீட் கேக்கிய?"

"முதல்ல எறங்கலாம்லா, சத்தியபாய்."

"முதல்ல எறங்கி? பெட்டி வர முக்கா மணிக்கூர் ஆவும். எல்லாருக்கும் முன்ன போயி நின்னு வெறும் பெல்ட்டு சுத்தத பாக்கதுக்கா?"

சாரின் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சார் விடவில்லை. "சுவருக்க முன்னால உள்ள வரிசையில கால் நீட்ட எடம் உண்டுன்னு மருமவன் சொன்னான்."

"உண்டு. அந்தச் சுவருலதான் கைப்பிள்ளையளுக்குத் தொட்டி மாட்டுவாவ. நாலு பிள்ள நாலு ராகத்துல பாடும். சாருக்குப் பாடகர்குழு நடத்துன பழக்கம் இருக்குன்னா அங்கயே இரிங்க."

பிறகு, வேலியோரம் நிற்கும் மிளகுக்கொடி எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள் என்று சாரை அனுப்பிவிட்டு, அவர் மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ராத்திரி எத்தன மட்டம் எழும்புவாவ?"

அந்த அம்மா சேலை மறைவில் மூன்று விரலைக் காட்டினார்.

இந்தக் கேள்வியைச் சத்தியபாய் ஆண்களிடம் கேட்பதில்லை. "ஆம்பிளையவ இதுல பொய்யாக்கும் சொல்லுவாவ," என்பார். விடை தெரிந்த பிறகு பழைய கல்யாணக் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் பேனாவால் விமானத்தை வரைவார். தலையும் வாலுமாக ஒரு கத்தரிக்காய் போல இருக்கும். "நடுவுல நாலு சீட். அதுல வழியோரம் எடுத்தா நம்மளத் தாண்டி ஒருத்தனாக்கும் போவான், மத்தவன் அந்தப் பக்கமா எறங்கிருவான். சன்னல் பக்கத்து மூணுல வழியோரம்னா ரெண்டு பேரு நம்ம முட்ட இடிச்சிட்டுப் போவான். வெளங்கிச்சா?" இறக்கைக்கு மேலே உட்கார்ந்தால் குலுக்கம் குறைவு. சில இருக்கைகளுக்கு அடியில் இரும்புப் பெட்டி இருக்கும், கால் வைக்க முடியாது. வெள்ளம் கேட்டுக் குடியுங்கள், வெட்கப்படாதீர்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இருக்காது.

அவருடைய பயண வழக்கங்களும் தனி. சினிமா பார்க்கமாட்டார். முன்னால் இருக்கும் சின்னத் திரையில் விமானம் நகரும் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு, கீழே கடலா கரையா என்று பார்த்தபடி இருப்பார். புறப்படும்போது எல்லோருக்காகவும் ஒரு ஜெபம். பாதி வழியில் இன்னொரு ஜெபம், அது பைலட்டுக்கு உறக்கம் வராமல் இருப்பதற்கு.

கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு அவர் சொல்லும் இடத்தைக் கேட்டால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். "வால் பக்கம் பிளேன் மெலிஞ்சு வரும். அங்க மூணு சீட் போட எடம் காணாது. சன்னல் பக்கம் ரெண்டாக்கும் கிடக்கும். ஆகக் கடைசி வரிசை வேண்டாம், அது சாயாது. அதுக்கு முந்துனது." அங்கே குலுங்கும். சாப்பாட்டு வண்டி வந்து சேரும்போது கோழி தீர்ந்திருக்கும். கழிவறைக் கதவு திறக்கும் சத்தமும் வாடையும் உண்டு. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டுக் கடைசியில் சொல்வார்: "ஆனா ரெண்டுபேரு மட்டும்னா, அத விடக் கொள்ளாவுன சீட் பஸ்ட் கிளாசுலயும் கிடையாது."

யாரும் அதை எடுத்ததில்லை. அவரும் அதில் உட்கார்ந்ததில்லை. தனியாகப் போகும் ஆளுக்கு அது எதற்கு? கழிவறைக்குப் போகும்போது அந்த இரண்டு இருக்கைகளில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

அவருடைய கணவர் யேசுரத்தினம் பேச்சிப்பாறை அணையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது. அதிகம் பேசமாட்டார், பேசினாலும் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார். கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது மிகக் குறைவு. கோயிலில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பேருந்திலும் அப்படித்தான். விருந்தில் அவர் முந்திய பந்தி, இவர் பிந்திய பந்தி. கல்யாணத்தன்று ஆல்டருக்கு முன்னால் போட்ட இரண்டு நாற்காலியில் இருந்ததோடு சரி.

பெமிலாவுக்கு இரண்டாவதாக ஆண்பிள்ளை பிறந்தது. பாட்டா வந்த பிறகுதான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். யேசுரத்தினத்துக்கும் ஆசைதான். பாஸ்போர்ட் எடுத்தார், விசா வந்தது, மார்த்தாண்டத்தில் நீல நிறத்தில் பெட்டிகூட வாங்கினார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ, பேச்சே மாறிவிட்டது. ரப்பரை யார் பார்ப்பார்கள் என்றார். ரப்பருக்கு ஆள் ஏற்பாடு செய்தபோது நாயை யார் பார்ப்பார்கள் என்றார். நாயைக் குளோரி ஏற்றுக்கொண்டபோது, "எனக்கு அந்தக் குளிரு பிடிக்காது. நீ பெய்ட்டு வா," என்றார். பிள்ளைக்குப் பத்து மாதம் ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அங்குள்ள போதகர் இரண்டு முறை கேட்டுவிட்டார். பெமிலா போனில் அழுதாள்.

விமானத்துக்குப் பயம் என்றுதான் சத்தியபாய் நினைத்தார். கோபம் வந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. போதகர் பிரசங்கத்தில் நல்ல சூடு பிடித்திருந்த நேரம், சத்தியபாய் எதேச்சையாக ஆண்கள் பக்கம் பார்த்தார். முப்பது வருடமாக யேசுரத்தினம் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்ச், மின்விசிறிக்கு நேர் கீழே, ஐந்து பேருக்கு நடுவில். அந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். கண்ணை ஓட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்ச், பக்கவாட்டுக் கதவை ஒட்டி, ஓரத்தில் யேசுரத்தினம். காற்றில்லாத இடம், வேர்வை கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்.

இருக்கையைப் பார்த்து ஆளை அறிகிறவருக்கு இதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாகர்கோவில் பேருந்தில் இடம் இருந்தும் அவர் கதவருகே நின்றுகொண்டு வந்தது, சுசீந்திரத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வராமல் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டது, சாயங்காலத்துக்குமேல் வெள்ளச் செம்பைத் தொடாதது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தன. குளிரும் இல்லை, பயமும் இல்லை. பதினான்கு மணி நேரத்தை நினைத்து அந்த மனிதர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

கேட்டால் இல்லை என்பார். இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அந்தச் சொல்லை அவரே காப்பாற்ற வேண்டியிருக்கும். அதனால் சத்தியபாய் கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் சோறு விளம்பிக்கொண்டே சொன்னார்.

"இஞ்ச பாருங்க. எனக்கு சுகராக்கும்."

யேசுரத்தினம் வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டிலேயே வைத்தார். "யாரு சொன்னா?"

"டாக்டரு. இப்பம் அடிக்கடி ஒண்ணுக்கு வருது. ஒரு மணிக்கூர் தாங்காது. இதையும் வச்சிட்டு நான் ஒத்தைக்கு அம்புட்டு தூரம் எப்பிடிப் போவேன்? தல சுத்தி விழுந்தா யாரு பிடிப்பா?"

"கூட்டுக்கு ஆளு கிடைக்கும்லா. ஜஸ்டஸ்ட்ட சொல்லி அறிவிப்பு..."

"பாத்ரூமுக்க வாசல்ல எனக்காகக் காத்து நிக்கதுக்கு ஆள் தேவைன்னா அறிவிப்பு குடுக்கச் சொல்லுதிய?"

யேசுரத்தினம் சோற்றை முடித்தார். கை கழுவப் போனவர் வெகு நேரம் கழுவினார். திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தன மணிக்கூருன்னு சொன்ன?"

"பதினாலு."

"பாத்ரூமுக்க பக்கத்துல சீட் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"உனக்காக்கும் கேக்கேன்."

"எனக்குத்தான்."

அடுத்த இடைஞ்சல் மகளிடமிருந்து வந்தது. அப்பாவின் முதல் பயணம் என்று பெமிலா முன்வரிசையில், கால் நீட்ட வசதியாக, கூடுதல் பணம் கட்டி இரண்டு இருக்கைகள் எடுத்து வைத்திருந்தாள். ஒன்று ஜன்னல், ஒன்று நடு. சத்தியபாய் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

"அத மாத்து. நாப்பத்தொம்பதாவது வரிசை. ரெண்டு சீட் உள்ள எடம்."

"அம்மா, ஒனக்குக் கிறுக்கா? அது கக்கூசுக்க பக்கமாக்கும். நாறும்."

"எனக்கு மூக்கடைப்பு உண்டு."

"அப்பாவுக்கு?"

"அவிய எனக்கு கூட்டுக்கு வாறாவ. கூட்டுக்கு வாறவிய எங்க விட்டாலும் இருக்கணும்."

"ஒனக்கு நெசமாட்டு சுகரா? எத்தன இருந்திச்சு? எந்த டாக்டரு?"

"அங்க வந்து சொல்லுதேன். நான் சொல்லுத சீட்ட எடு மக்கா. இல்லன்னா நாங்க ரெண்டுபேரும் வரல்ல."

பெமிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அம்மா இருக்கை விஷயத்தில் விளையாடுகிறவர் இல்லை என்று தெரியும். மாற்றிக் கொடுத்தாள்.

துபாயில் பெரிய விமானம் ஏறி, நாற்பத்தொன்பதாவது வரிசைவரை நடந்தார்கள். சத்தியபாய் முதலில் உள்ளே நுழைந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். யேசுரத்தினம் வழியில் நின்றபடி பார்த்தார்.

"நீ ஓரத்துல தான இருப்ப?"

"எனக்கு மேகம் பாக்கணும். இரிங்க."

ஒரு மணி நேரம் ஆயிற்று. யேசுரத்தினத்தின் பெருவிரல் பெல்ட்டின் இரும்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைச் சத்தியபாய் பார்த்தார். "கொஞ்சம் எழும்புங்க, எனக்குப் போணும்," என்றார். யேசுரத்தினம் எழுந்த வேகத்தில் முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். சத்தியபாய் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருபதுவரை எண்ணிவிட்டு வெளியே வந்தார்.

"எழும்பினதும் எழும்பியாச்சு. நானும் ஒண்ணு போயிட்டு வந்திருதேன்," என்றார் யேசுரத்தினம்.

"ஆமா, பின்ன. பெய்ட்டு வாங்க."

டொராண்டோ போய்ச் சேருவதற்குள் இப்படிப் பதினொரு முறை. உள்ளே சத்தியபாய்க்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஒட்டிவைத்திருந்த படங்களையெல்லாம் பார்த்தார். அங்கே வைத்திருந்த களிம்பை ஒவ்வொரு முறையும் கையில் தேய்த்துக்கொண்டார். பாதி வழியில் அவர் கை பூக்கடைபோல மணத்தது. எட்டாவது முறை எழுந்தபோது யேசுரத்தினம் உண்மையிலேயே கவலைப்பட்டார். "ஏட்டி, இந்த சுகரு ஒன்ன இந்தப் பாடு படுத்துதே. எங்கிட்ட முன்னமே சொல்லப்பிடாதா?"

"எப்பிடிச் சொல்லதுக்கு? வெக்கமாட்டுதான இருக்கும்."

"இதுல என்ன வெக்கம்," என்றார் யேசுரத்தினம்.

சாப்பாடு வந்தது. கோழி தீர்ந்துவிட்டது. சத்தியபாயின் தட்டில் ஒரு துண்டு சாக்லேட் கேக் இருந்தது. அவர் அதன் தாளைப் பிரிக்கும்போது யேசுரத்தினம் பணிப்பெண்ணைக் கைகாட்டி நிறுத்தினார். அணையைப் பார்க்க வரும் பொறியாளர்களிடம் பேசிப் பழகிய ஆங்கிலம் அவரிடம் கொஞ்சம் இருந்தது. "மை வைஃப். சுகர்." பணிப்பெண் அனுதாபமாகத் தலையசைத்துக் கேக்கை எடுத்துக்கொண்டு ஓர் ஆப்பிளை வைத்தாள். சத்தியபாய் ஆப்பிளைக் கடித்தார்.

பத்து மணி நேரம் கடந்தபோது அது நடந்தது. யேசுரத்தினம் தாமாகவே கேட்டு ஒரு டம்ளர் வெள்ளம் வாங்கினார். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். சத்தியபாய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு யேசுரத்தினம் உறங்கினார். அவர் தலை சரிந்து சத்தியபாயின் தோளில் விழுந்தது. வழியில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும் என்று சத்தியபாய் தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.

டொராண்டோவில் மறுநாள் காலையிலேயே பெமிலா சின்னக் கருவியோடு வந்து அம்மாவின் விரலில் குத்தினாள். எண்ணைப் பார்த்தாள். நம்பாமல் அடுத்த விரலிலும் குத்தினாள்.

"அம்மா, ஒனக்கு சுகரே கிடையாதே."

"பைய சொல்லு."

பெமிலா அம்மாவைப் பார்த்தாள். சத்தியபாயின் கண் ஒரு கணம் கழிவறைக் கதவின் பக்கம் போய்த் திரும்பியது. கதவுக்கு உள்ளே அப்பா இருந்தார், அன்று காலையில் நாலாவது தடவையாக. பெமிலா நர்ஸ். அவளுக்கும் அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊசி முனையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "பதினாலு மணிக்கூரும் நீயாக்கும் எழும்பின?"

"எனக்க கால் வீங்கல்ல பாரு," என்றார் சத்தியபாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. யேசுரத்தினம் வேட்டி கட்டி, பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு போதகருக்கு முன்னால் நின்றார், கடைசிவரை நின்றார். அறுபது வயது தாண்டிய ஆண்களுக்கு இங்கே எல்லாப் பரிசோதனையும் செய்வது வழக்கம் என்று மருமகன் எபிசன் ஒரு நாள் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனான். வயதான ஆண்கள் பலருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வருகிற வீக்கம்தான், மாத்திரையில் கேட்கும் என்றார்கள். கேட்டது. டிசம்பரில் திரும்பி வந்தபோது அதே இரண்டு இருக்கைகள், நான்கே முறைதான் எழுந்தார்கள். உன் சுகர் இப்போது பரவாயில்லை என்று யேசுரத்தினம் சொன்னார்.

சத்தியபாய்க்குச் சர்க்கரை என்று இப்போது ஊருக்கெல்லாம் தெரியும். யேசுரத்தினம்தான் சொல்லிவைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் கேக் தட்டு பெண்கள் பக்கம் வந்தபோது, அவர் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நடுவழியைத் தாண்டி வந்து, "அவளுக்கு வேண்டாம்," என்று தடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லிவிடேன் அம்மா என்று பெமிலா போனில் கேட்கிறாள். "சொன்னா அப்பாவுக்கு வெளங்கிருமே மக்கா," என்கிறார் சத்தியபாய்.

முப்பத்தேழு வருடம் அடுக்களைக்குள் வராத யேசுரத்தினம், கனடாவிலிருந்து வந்த நாள்முதல் தினமும் காலையில் அவரே சாயா போடுகிறார். சீனி டப்பாவை மனைவிக்கு எட்டாத மேல்தட்டில் தூக்கி வைத்திருக்கிறார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, முதல் வாய் குடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். கொள்ளாம் என்று சொல்லி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் சத்தியபாய் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறார்.